கண் முகாமுக்கு ஆள் பிடித்த லெந்து

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

லெந்து நாற்பது நாள் நோன்பு தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் காபிக்குச் சர்க்கரை கிடையாது, யாரையும் புறம் பேசுவதும் கிடையாது என்று தீர்மானம் எடுத்திருக்கிறேன். முதலாவது சுலபம்.

மாலை ஆராதனை முடிந்ததும் புதுப் போதகர் தியோடர் ஐயர் எல்லாரையும் உட்காரச் சொன்னார். அவர் நம் சபைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நல்ல பிள்ளை. பிரசங்கம் மட்டும் கொஞ்சம் நீளம் (இது புறம் பேசுவதில் சேராது). மார்ச் 25 சனிக்கிழமை நம் பாரிஷ் ஹாலில் இலவசக் கண் முகாமாம். புதுச்சேரியிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். கண்புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எந்த மதத்தார் வேண்டுமானாலும் வரலாம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க யார் என்று கேட்டார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்களாம். பக்கத்தில் இருந்த வாலிபர் சங்கத்துப் பியூலா சொன்னாள்.

"சௌந்தரம் டீச்சர் வாய்க்கு எதிர்வாய் பேச இந்த ஊர்ல யாரு இருக்காங்க ஐயரே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கோயிலில் மாட்டியிருக்கும் புது பல்புகள் சுத்த மோசம். ஒரே மங்கல். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 24, வெள்ளி

இந்த டைரியிலும் கோடுகளை ரொம்ப லேசாகப் போட்டிருக்கிறார்கள். ஓசூரிலிருந்து மகன் எட்வின் வாங்கி அனுப்பியது. பேனாவும் சரியில்லாததால் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் நாலைந்து வரிதான் பிடிக்கிறது. பிப்ரவரியிலேயே மே மாதப் பக்கங்களுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு வாசிக்க வேண்டிய பாடத்தை இரண்டு நாளாக மனப்பாடம் செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினவள், பாதிக்கு மேல் நாக்கிலேயே இருக்கிறது. மீதிக்கு மட்டும் உச்சி வெயிலில் வாசலில் நாற்காலி போட்டு, பூதக்கண்ணாடி. இப்போதெல்லாம் வேதத்தை அநியாயத்துக்குப் பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள். மனதில் வைத்து வாசித்தால்தான் சபையாருக்கும் உருக்கமாக இருக்கும்.

பிப்ரவரி 26, ஞாயிறு

பாடம் பிரமாதம். மணி அடித்த மாதிரி இருந்தது என்றார்கள். இறங்கும்போது பீடத்துப் படியில் கால் தடுக்கிற்று. பியூலா பிடித்துக்கொண்டாள். அந்தக் கம்பளத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

மார்ச் 1, புதன்

முந்திரி உடைக்கிறவர்கள் இருக்கும் தெருவுக்குப் போனேன். அங்கே பச்சையம்மாள் என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். தனிக்கட்டை. முந்திரி உடைக்கிற கட்டை முன்னால் உட்கார்ந்து கொட்டையை அடிக்கிறாள், ஒன்று விட்டு ஒன்று அவள் விரலிலேயே விழுந்து 'ஐயோ' என்கிறாள். பருப்பெல்லாம் நொறுங்கிப்போகிறதென்று முதலாளி வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டானாம். கெஞ்சிக் கூத்தாடி இந்த மாதம் மட்டும் கேட்டிருக்கிறாள்.

"கண்ணைக் கழட்டி வச்சிக்கினு அனுப்பிடுவாங்களாமே டீச்சரம்மா?"

"உன் கண்ணை வச்சிக்கிட்டு அவங்க என்ன பண்ணப் போறாங்க? அதுதான் தெரியவே இல்லையே!"

"உங்க வேதத்துல சேத்துடுவீங்களா?"

"உன்னைச் சேத்துட்டு உன் குரலை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை யாரு கேக்கறது? சும்மா வாடி."

சிரித்துவிட்டாள். நானும் ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். பார்வை மங்கினால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது, பிள்ளைகளுக்குப் பயந்து மறைக்கக் கூடாது, காலத்தோடு காட்டிவிட வேண்டும் என்று. நன்றாகப் பேசினேன். தெருவே நின்று கேட்டது.

மார்ச் 6, திங்கள்

எட்வின் போன். "ஓசூருக்கே வந்துடுங்கம்மா" என்கிறான், வழக்கம்போல. மருமகள் ஷீபாவிடம் கொடு என்றேன். குளிக்கிறாளாம். போன வாரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டம் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 8, புதன்

மாதர் சங்கத்தோடு அரசு ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் பாலும் கொண்டு போனோம். கால் எலும்பு முறிந்த ஒரு அம்மாளின் தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபம் செய்தேன். ஆமென் சொல்லி முடித்ததும், "எனக்குக் கால் நல்லாத்தான் இருக்குங்க. எங்க அக்காவுக்குத்தான் முறிஞ்சிருக்கு, இதோ படுத்திருக்கா" என்றாள். படுத்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் கால் வலிக்கிறதென்று அதற்கும் ஒரு கத்தல். வார்டில் ஜன்னலையெல்லாம் மூடி வைத்திருந்தால் யாருக்குத்தான் தெரியும்?

ஆண்டவருக்குத் தெரியும், எந்தக் கால் என்று.

மார்ச் 12, ஞாயிறு

இன்றைக்கு மானம் போயிற்று. எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நாட்காட்டியில் இந்த ஞாயிறுக்குப் போட்டிருப்பது கிணற்றடியில் சமாரியப் பெண். நீளமான பாடம். நாலு நாள் வெயிலில் காய்ந்து தயார் செய்திருந்தேன். பீடத்தில் ஏறினேன், வேதத்தில் ரிப்பன் வைத்திருந்த இடத்தைத் திறந்தேன், கணீரென்று ஆரம்பித்தேன். நடுவில் பக்கம்கூடத் திருப்பினேன். சபையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள். முடித்ததும் சபையார் சொல்ல வேண்டிய பதில் ஒரு மூச்சு தாமதமாக வந்தது.

அப்புறம் ஐயர் பிரசங்கத்துக்கு எழுந்தார். பிறவிக் குருடனுக்குப் பார்வை கிடைத்ததைப் பற்றிப் பேசினார். அப்போதுதான் புரிந்தது. கண் முகாமை முன்னிட்டு அடுத்த ஞாயிறு பாடத்தை இன்றைக்கு மாற்றிவிட்டாராம். நேற்றே சபை வாட்ஸ்அப்பில் போட்டாராம். சபைத் தாளிலும் அச்சடித்திருந்ததாம். அந்தப் போனை யார் பார்க்கிறார்கள்? ஒரு வார்த்தை வாயால் சொன்னால் என்ன?

மாலையில் ஐயர் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், ரிப்பன் வச்ச இடத்துல குருடன் இருந்தான். நீங்க சமாரியப் பெண்ணை வாசிச்சீங்க. ஒரு வார்த்தை பிசகலை."

"பிசகாது."

"எவ்வளவு நாளா, டீச்சர்?"

"எது எவ்வளவு நாளா? இருங்க, காபி கொண்டாறேன்."

காபியை ஊற்றினேன். தம்ளர் நிரம்பி அவர் வெள்ளை வேட்டியில் வழிந்தது. "சூடு இல்லை டீச்சர், பரவாயில்லை" என்றார். கொதிக்கக் கொதிக்க ஊற்றியது எனக்குத் தெரியாதா? ஐயருக்கும் பொய் சொல்லத் தெரிகிறது.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "பெரிய வெள்ளிக்கு மத்தியான மூணு மணி நேர ஆராதனையில நீங்கதான் பாடம் வாசிக்கணும். எத்தனையோ வருஷமா நீங்கதானே வாசிக்கிறீங்க. ஆனா இந்தத் தடவை பார்த்து வாசிக்கணும்."

எட்வினுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எதைச் சொல்ல வேண்டாம் என்று அவரும் கேட்கவில்லை.

மார்ச் 13, திங்கள்

சரி, என் டைரிதானே. என் பயம் கத்திக்கு இல்லை. கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள் என்று தெரிந்த மறுநிமிடம் எட்வின் காரோடு வந்து நிற்பான். ஒரு மாதம் இருந்துவிட்டு வாங்கம்மா என்பான். நம் அல்போன்ஸ் சாரும் ஒரு மாதம் என்றுதான் பெங்களூருக்குப் போனார், திரும்பி வந்தது பெட்டியில். அதற்குள் வீட்டை விற்றாயிற்று. எட்வினுக்கும் இந்த வீட்டின் மேல் ஒரு கண்தான், இல்லாவிட்டால் வா வா என்று ஏன் இப்படிப் பிடுங்கி எடுக்கிறான்? ஆறாவது மாடி பிளாட்டில் உட்கார்ந்து நான் யாருக்கு ரொட்டி கொடுப்பேன்? யாரைத் திட்டுவேன்? இந்த ஊரை விட்டால் நான் வெறும் கிழவி. இங்கே சௌந்தரம் டீச்சர்.

மார்ச் 18, சனி

பச்சையம்மாள் வீடு தேடி வந்தாள், கை நிறைய முந்திரிப் பழத்தோடு. முகாமுக்கு வரமாட்டேன் என்று சொல்ல வந்தாளாம். பயம். மோர் கொடுத்தேன். வாங்கி ஒரு மடக்கு குடித்தாள்.

"டீச்சரம்மா, உனக்கும் தெரியலை, இல்ல?"

"என்ன தெரியலை?"

"வெரலை உள்ள வுட்டுத்தான மோரு ஊத்துன? வெரல்ல பட்டதும் நிறுத்திட்ட, ஊத்தற சத்தமே சொல்லுது. நானும் அப்டித்தான் கஞ்சி ஊத்திக்கறேன்."

எதிர்வாய் பேசுகிறாள். எனக்கு! மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அப்புறம் என்னவோ அழுகை வந்துவிட்டது. அவளும் சேர்ந்து அழுதாள். அழுது முடித்து இருவரும் பழம் தின்றோம்.

"நீ பண்ணிக்கினா நானும் பண்ணிக்கறேன்" என்றாள்.

"நான் முகாம் நடத்தறவடி. எனக்கு ஆயிரம் வேலை" என்றேன்.

மார்ச் 25, சனி

முகாம். பாரிஷ் ஹால் நிரம்பி வழிந்தது. காலையிலிருந்து நான் ஒருத்தியே கத்திக்கொண்டிருந்தேன். வரிசையில் நில்லுங்கள், செருப்பை வெளியே விடுங்கள், சொட்டு மருந்து போட்டவர்கள் கண்ணைக் கசக்காதீர்கள்.

பச்சையம்மாளின் முறை வந்தது. டாக்டர் ஒரு சின்னப் பெண். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். பச்சையம்மாள் உட்காரவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள்.

"டீச்சரம்மா குந்தினாத்தான் நான் குந்துவேன். ஊரு பூரா வாங்க வாங்கன்னு கூப்புட்டுட்டு, தனக்கு மட்டும் வாணாமாம்!"

அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது, எந்தப் பக்கம் கன்னம் என்று தெரிந்திருந்தால். ஐயர் எங்கோ பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். "டீச்சர்" என்று மெதுவாகக் கூப்பிட்டார், அவ்வளவுதான். நான் பேசின பேச்செல்லாம் என் காதிலேயே திரும்பி ஒலித்தது. மறைக்கக் கூடாது, பயப்படக் கூடாது! போய் உட்கார்ந்தேன்.

இடது கண்ணை மூடிவிட்டு, "எத்தனை விரல் காட்டறேன், பாட்டி?" என்றாள்.

"கையே தெரியலையேம்மா. விரலுக்கு நான் எங்கே போவேன்?"

வலது கண்ணில் புரை முற்றிப் பழுத்துவிட்டதாம். இடதிலும் பாதிக்கு மேல். "இதோட எப்படிப் பாட்டி தெருவுல நடந்தீங்க?" என்றாள் அந்தப் பெண். கோயிலுக்குப் போகிற வழிதானே, அது என் கால்களுக்குத் தெரியும் என்றேன்.

யார் துணைக்கு இருப்பார்கள் என்று ஐயர் கேட்டார். மகனுக்குச் சொல்லலாமா என்று இழுத்தார். கூடவே கூடாது என்றேன். "எனக்கு அவங்க, அவங்களுக்கு நானு" என்றாள் பச்சையம்மாள். இரண்டு குருடிகளும் ஒருவருக்கொருவர் துணையாம். ஹாலே சிரித்தது. நானும்தான்.

பியூலா எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தாள்.

மார்ச் 28, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கட்டு. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வலிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் பச்சையம்மாள் குறட்டை.

மார்ச் 30, வியாழன்

ஐயோ, ஐயோ, ஐயோ!

நேற்று கட்டைப் பிரித்தார்கள். எதிரே பச்சையம்மாள், கறுப்புக் கண்ணாடியோடு என்னை உற்றுப் பார்க்கிறாள். "என்னா டீச்சரம்மா, இம்மாங் கெழவியா இருக்கற!" என்றாள். "நீ மட்டும் என்ன குமரியா?" என்றேன். பஸ் முழுக்க ஜன்னலோரம் அவளா நானா என்று சண்டை. மைல்கல் தெரிகிறது, வேப்பமரத்தில் இலை இலையாகத் தெரிகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது.

பியூலா இவ்வளவு லட்சணமான பெண்ணா! ஐயருக்கு மூக்கில் மச்சம். கோயில் பல்புகள் பளீரென்று எரிகின்றன. பல்பு வாங்கிய பொருளாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் வெட்கமாகிவிட்டது. மூலைக்கு மூலை ஒட்டடை. அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு. இத்தனை நாள் எத்தனை பேர் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே. பச்சையம்மாள் இங்கேயே தங்கியிருக்கிறாள். குனியாதே, குனியாதே என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே இருவரும் குனிந்து பெருக்கினோம்.

ஒரே ஒரு இடி. தூரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. படிக்கிற கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் தருவார்களாம். பெரிய வெள்ளி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஐயரிடம் போய், பெரிய வெள்ளிப் பாடத்தைப் பியூலா வாசிக்கட்டும் என்று நானே சொன்னேன். "மனப்பாடம் இருக்குமே டீச்சர்?" என்றார். "பார்த்து வாசிக்கணும்னு சொன்னது யாரு?" என்றேன். சொல்லிவிட்டு வந்தேனே தவிர, மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

பியூலா வாட்ஸ்அப்பில் போட்ட முகாம் படம் சுற்றிச் சுற்றி எட்வினிடம் போய்விட்டது. போன். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"உனக்கு எதுக்கு வீண் கவலைன்னுதான்."

அப்புறம், "சரிம்மா. உங்களை நான் குத்தம் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

வரட்டும். ஐயரிடம் சொல்லி வைத்துவிட்டேன், என்னைக் கூட்டிப்போகக் கேட்டால், சபைக்கு டீச்சர் இல்லாமல் முடியாது என்று சொல்ல வேண்டும் என்று. பச்சையம்மாளுக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்றாவது பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு சினிமாக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பியூலா நன்றாகத்தான் வாசித்தாள். கொஞ்சம் வேகம். எட்வின் இன்னும் வரவில்லையே என்று வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை பாதியில் ஒரு மனுஷன் உள்ளே வந்து கடைசித் தூண் ஓரமாக நின்றான். ஒட்டிய கன்னம். வெள்ளையும் கறுப்புமாகத் தாடி. சட்டை கொடியில் தொங்குவதுபோல் தோளில் தொங்கிற்று. பாவம், யாரோ உடம்புக்கு முடியாத ஆள், முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருப்பான் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டு முதலில் ஒரு தம்ளர் கஞ்சி கொடுக்க வேண்டும், அப்புறம் விசாரிக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

முடிந்ததும் வெளியே பந்தலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்ளரை வாங்கிக்கொண்டு நேரே அவனிடம் போனேன்.

"இந்தாங்க தம்பி, முதல்ல இதைக் குடிங்க. எந்த ஊரு நீங்க?"

அவன் தம்ளரை வாங்கவில்லை. என்னையே பார்த்தான்.

"அம்மா" என்றான்.

கஞ்சி கீழே கொட்டியது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்ததென்று எனக்குச் சரியாக நினைவில்லை. பச்சையம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஷீபா எங்கடா என்று கேட்டேன். போய் ஒன்றரை வருஷம் ஆகிறதாம். பிரிந்தாயிற்றாம். வேலை முடிந்து வந்தால் அந்த வீட்டில் பேச ஆள் இல்லையாம். பாதி நாள் சமைக்கிறதில்லையாம்.

"ஏண்டா சொல்லலை?"

"கிறிஸ்துமஸுக்குச் சொல்லத்தாம்மா வந்தேன். இந்தத் தாடியோட, இப்படியேதான் வந்து உங்க எதிர்ல உட்கார்ந்தேன். நீங்க என் முகத்தைப் பார்த்து, 'கொஞ்சம் சதை போட்டிருக்கேடா, ஷீபா நல்லா கவனிக்கிறா போல'ன்னு சொன்னீங்க. தெரிஞ்சும் கேக்க வேணாம்னு அப்படிச் சொல்றீங்கன்னு நெனைச்சேன். அதுக்கு மேல எப்படிம்மா சொல்றது?"

ஆண்டவரே. இந்த ஊரில் ஒரு வீடு விடாமல் போய்க் கதவைத் தட்டினேனே. என் பிள்ளை என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"நான் பார்க்கலைடா. சத்தியமா எனக்குத் தெரியலைடா, கண்ணு" என்றேன். அதையே எத்தனை முறை சொன்னேனோ. அவன் என் மடியில் தலைவைத்துக் குழந்தை மாதிரி அழுதான். நாற்பத்து மூன்று வயது. குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் யார் கேட்டார்கள், குனிந்து முத்தம் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு எட்வின் தாடியை மழித்துக்கொண்டு வந்தான். மழித்த பிறகு இன்னும் இளைத்துத் தெரிந்தான்.

காபி குடிக்கும்போது, "எப்போ கிளம்பணும்?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. நீங்க இங்க நல்லா இருக்கீங்க. எல்லாரும் இருக்காங்க. இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்."

"உன்னை யாருடா கேட்டா? ஆபீஸுக்கு எப்போ போகணும்னு கேட்டேன்."

செவ்வாய்க்கிழமையாம். அப்படியானால் நாளைக்கு இருவரும் கிளம்ப வேண்டும். ஒரு மாதமா, ஆறு மாதமா, எனக்குத் தெரியாது. அவன் கன்னத்தில் சதை பிடிக்கிற வரைக்கும் இருப்பேன். ஐயரிடம் சொன்னபோது, சபைக்கு டீச்சர் இல்லாமல் முடியாது என்று ஒப்பிக்க ஆரம்பித்தார், நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன். அதெல்லாம் முடியும், பியூலாவைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். சாவியைப் பச்சையம்மாளிடம் கொடுத்தாயிற்று. முதலாளி அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டான். வாசலில் குறுக்கே படுக்கட்டுமா என்று கேட்டு அழுதாள். தினமும் போன் செய்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். எட்வின் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். இப்போது கூடத்தில் பாயைப் போட்டு மத்தியானத் தூக்கம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் எழுந்து போய் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். பெட்டி கட்ட வேண்டும், துணி மடிக்க வேண்டும், தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.